கொத்தியவரும் கொத்துவித்தவரும்

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலும் ஆட்பெயர்கள்தான். யார் என்ன செய்தார் என்று தெரிய வினைச்சொல் வேண்டுமே! அதற்கு மதுரைப் பக்கம் மாங்குளம் மலைக்குப் போக வேண்டும்.

அங்கே சமணத் துறவி தங்கக் குகையில் பள்ளி அமைத்ததைச் சொல்லும் கல்வெட்டில் 'கொட்டுபித்த' என்று ஒரு சொல் வருகிறது. 'கொட்டு' என்றால் கல்லைக் கொத்துவது. 'பி' பிறவினை விகுதி. 'செய்வித்த' என்பதில் இன்று 'வி'யாக நிற்பதும் இதுதான். 'த்த' இறந்தகாலம் காட்டும் பெயரெச்சம்.

கொத்துவித்தவர் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி. உளி பிடித்தவரின் பெயர் அந்த வரியில் இல்லை. ஆனாலும் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு, 2,000 ஆண்டுகள் கடந்தும் அந்த ஒற்றை 'பி' சாட்சி.

ராஜராஜன் தஞ்சைக் கோயிலைக் கட்டினான் என்றுதான் இன்று பரீட்சையில் எழுதுகிறோம். மாங்குளத்துக் கணக்குப்படி அது 'கட்டுவித்தான்'!