கருணைக்கும் ஒரு வழக்கறிஞர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சமூகப் பணி முதுகலையையும் சட்டப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு உண்டு. தனித்தனியே படித்தால் முன்னதற்கு இரண்டு ஆண்டுகள், பின்னதற்கு மூன்று ஆண்டுகள். சேர்த்துப் படித்தால் பொதுவாக நான்கு ஆண்டுகளில் இரண்டும் கைக்கு வந்துவிடும். ஓராண்டு மிச்சம் என்று கணக்குப் பார்ப்போருக்கு இது ஒரு சலுகை மட்டுமே. ஆனால் இவ்விரு படிப்புகளும் ஏன் ஒன்றையொன்று தேடி வந்தன என்று கேட்கத் தொடங்கினால், நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வழக்குக்குள் நாம் நுழைய நேர்கிறது. அவ்வழக்கின் கூண்டில் நிற்பது ஒரு குழந்தை.

1899 ஜூலையில் சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில் சிறார்களுக்கெனத் தனி நீதிமன்றம் பிறந்தது. அமெரிக்காவில் அதுவே முதலாவது. அதுவரை திருடிப் பிடிபட்ட சிறுவனும் கொலை செய்த பெரியவனும் ஒரே சிறையில் அடைபட்டுக் கிடப்பதுண்டு. அந்நிலையை மாற்றப் போராடியவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் ஜூலியா லாத்ரப், லூசி ஃபிளவர் போன்ற பெண்கள். லாத்ரப், ஜேன் ஆடம்ஸ் ஏழைகளிடையே நடத்திய ஹல் ஹவுஸ் இல்லத்தைச் சேர்ந்தவர். நன்னடத்தை அலுவலர்களை நியமிக்க அனுமதித்த சட்டம் அவர்களுக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை. அதையும் சிகாகோ பெண்களே திரட்டிக் கொடுத்தனர்.

அந்நீதிமன்றத்தின் தத்துவம் எளியது. குழந்தையைத் தண்டிக்க வேண்டாம், திருத்துவோம். நீதிபதி தந்தையின் இடத்திலிருந்து பேசட்டும். மறுக்க முடியாத அறம்தான். ஆனால் அதன் உள்ளேயே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. தந்தையின் முன் நிற்கும் பிள்ளைக்கு வழக்கறிஞர் எதற்கு?

இவ்விடத்தில் சொஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் என்ற பெண்மணியை நினைவுகூர வேண்டும். 1866இல் கென்டக்கி மாநிலத்தில் வழக்கறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அம்மாநிலத்தின் முதல் பெண் வழக்கறிஞர். தகுதி இருந்தது, ஆனால் பெண்ணை நம்பி வழக்கைக் கொடுப்பார் அரிதாகவே இருந்தனர். சிகாகோ சென்று 1901இல் முனைவர் பட்டமும், 1904இல் அப்பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டமும் பெற்றார். அங்கே சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பின்னர் ஹல் ஹவுஸில் தங்கி, குடியேறிகளின் நெருக்கடி மிகுந்த வீடுகளுக்குள் நேரில் சென்று ஆய்வு செய்தார். எடித் அபாட்டுடன் சேர்ந்து சிகாகோ சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளைகளையும் அவர்தம் இல்லங்களையும் ஆராய்ந்து 1912இல் ஒரு நூலை வெளியிட்டார்.

அந்நாளில் சமூகப் பணி என்பது பெரிதும் நல்மனத்தோரின் தொண்டாகவே கருதப்பட்டது. நல்ல மனம் மட்டும் போதாது என்பது பிரெக்கின்ரிட்ஜின் உறுதி. அவரும் அபாட்டும் முயன்றதன் பயனாக, 1920இல் தனியாக இயங்கிவந்த சமூகப் பணிப் பள்ளி சிகாகோ பல்கலைக்கழகத்தின் பட்ட மேற்படிப்புத் துறையாயிற்று. 1934இல் குடும்பமும் அரசும் பற்றிய ஆவணங்களைத் திரட்டி அவர் ஒரு தொகுதியே வெளியிட்டார். ஏழையின் கதவைத் தட்டுகிறவர், தம் கையில் உள்ள அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதன் எல்லை எது என்று அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே அம்முயற்சிகளின் பின்னால் இருந்ததாக நமக்குத் தோன்றுகிறது.

அந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று அரிஸோனா மாநிலத்திலிருந்து வந்தது. சிகாகோ நீதிமன்றத்தின் மாதிரி அதற்குள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களுக்கும் பரவியிருந்தது. 1964 ஜூனில், அண்டைவீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்ற புகாரில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுச் சிறுவன் பிடித்துச் செல்லப்பட்டான். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தனர். அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. புகார் கூறியவர் விசாரணைக்கு வரவே இல்லை. நடந்தது எதுவும் எழுத்தில் பதியப்படவில்லை. வழக்கறிஞரும் இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது மிஞ்சினால் இரண்டு மாதச் சிறை. சிறுவனுக்கோ ஆறு ஆண்டுகள் வரை, அதுவும் அவன் நன்மைக்காகவே!

1967 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. குற்றச்சாட்டை முன்கூட்டி அறியவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், தனக்கெதிராகத் தானே பேசாதிருக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்றது. கருணைக்கும் ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டார்.

ஆயினும் இரண்டு பட்டங்களையும் ஒருவரே பெற்றுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது, அது அவருடைய மனத்துக்குள் இடம்பெயரும். குழந்தை வதைபடுவதாக அறிந்தால் அதை அரசுக்குத் தெரிவிப்பது அங்கே சமூகப் பணியாளரின் சட்டக் கடமை. கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது வழக்கறிஞரின் கடமை. குழந்தைக்கு எது நல்லது என்று கேட்பவர் முன்னவர். குழந்தை என்ன விரும்புகிறது என்று கேட்பவர் பின்னவர். தன்னை அடிக்கும் தாயிடமே திரும்பிப் போக விரும்பும் சிறுமியின் முன் அமர்ந்திருப்பவர், அன்றைக்குத் தாம் எந்தப் பட்டத்தோடு வந்திருக்கிறோம் என்பதை முதலில் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது அயலாரின் கதை மட்டுமன்று. சிகாகோவில் அத்துறை தோன்றிய அதே 1920இல்தான் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. விடுதலைக்குப் பின் 1986இல் வந்த மத்தியச் சட்டத்தில் சமூகப் பணியாளர் இருவர் நடுவருக்கு உதவுவோராக மட்டுமே இருந்தனர். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நடுவருடன் ஒரே அமர்வில் உட்கார வைத்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்கிறது. ஒரு நடுவர், இரு சமூகப் பணியாளர், பெரும்பான்மையே முடிவு. அதாவது, சமூகப் பணியாளர் இருவரும் ஒன்றுபட்டால் நடுவரின் கருத்தையும் மீறலாம்.

ஒரே மனிதருக்குள் இரு துறைகளையும் குடியேற்ற அமெரிக்கா ஒரு வழி கண்டது என்றால், ஒரே மேசையில் மூவரை அமர்த்தி நாம் வேறொரு வழி கண்டோம். எது சிறந்தது என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. எந்த வழியானாலும், சிறுவனின் வீட்டைப் பார்த்த கண்ணும் அவனுடைய உரிமையைப் படித்த கண்ணும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும். ஒன்று மூடினால் என்ன நேரும் என்பதைச் சிகாகோவின் பழைய சிறை ஒருமுறையும், அரிஸோனாவின் சீர்திருத்தப் பள்ளி ஒருமுறையும் நமக்குச் சொல்லியிருக்கின்றன.