அச்சு அளவுகளும் நுண்ணளவுகளும்: அலகு மாற்றம்

பாயிண்ட், பைக்கா ஆகியவை அச்சுத் தொழிலின் நீள அலகுகள். நானோமீட்டரும் ஆங்ஸ்ட்ராமும் ஒளியின் அலைநீளம், அணுக்களின் பருமன் ஆகியவற்றை அளக்க அறிவியலில் பயன்படுபவை. இவ்விரு வகை அலகுகளையும் இணைப்பது அங்குலம். 1959ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்பாட்டின்படி 1 அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர்.

மூன்று பாயிண்டுகள்

பாயிண்ட் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் டிடோ, அந்நாட்டு அரச அங்குலத்தின் 72இல் ஒரு பங்கைப் பாயிண்டாகக் கொண்டார். அது ஏறத்தாழ 0.376 மி.மீ. அமெரிக்க எழுத்து வார்ப்பாளர்கள் 1886இல் ஏற்ற பாயிண்ட் ஏறத்தாழ 0.3514 மி.மீ. கணினி அச்சில் இன்று வழங்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பாயிண்ட், அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, அதாவது 0.3528 மி.மீ. 12 பாயிண்ட் ஒரு பைக்கா. டிடோ முறையில் 12 பாயிண்ட் ஒரு சிசரோ.

மாற்றும் முறை

1 மி.மீ. என்பது 10 லட்சம் நானோமீட்டர். 1 நானோமீட்டர் 10 ஆங்ஸ்ட்ராம். ஆங்ஸ்ட்ராம் என்ற பெயர் சுவீடன் இயற்பியலாளர் ஆண்டர்ஸ் யோனாஸ் ஆங்ஸ்ட்ராமின் (1814–1874) நினைவாக வந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் பாயிண்டைக் கொண்டு கணக்கிட்டால்:

1 ட்விப் (பாயிண்டில் 20இல் ஒரு பங்கு) = 17,638.9 நானோமீட்டர்
1 பாயிண்ட் = 3,52,777.8 நானோமீட்டர் = 35,27,778 ஆங்ஸ்ட்ராம்
1 பைக்கா = 42,33,333 நானோமீட்டர் = 4,23,33,333 ஆங்ஸ்ட்ராம்

நுண்ணளவை எட்டிய அச்சு அலகு

டொனால்டு குனூத் உருவாக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள், அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட் என்று கொள்கிறது. அந்தப் பாயிண்டையும் 65,536 கூறுகளாக்கி, முழு எண்களாலேயே எல்லா நீளங்களையும் கணக்கிடுகிறது. ஒரு கூறு ஏறத்தாழ 5.36 நானோமீட்டர், அதாவது 53.6 ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஆகவே அந்தக் கூறு ஓர் ஒளியலையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். இவ்வளவு நுட்பம் கண்ணுக்காக அன்று. கூட்டலில் சேரும் பிழை பக்கத்தில் தெரியாமலிருக்கவும், எந்தக் கணினியிலும் ஒரே விடை வரவும்தான்.

துல்லியம்

டெக்கின் பாயிண்டுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பாயிண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 0.0013 மி.மீ. தாளில் அது தெரியாது. ஆங்ஸ்ட்ராமில் சொன்னால் 13,000க்கும் மேல். எனவே இவ்விரண்டில் எந்தப் பாயிண்ட் என்று குறிப்பிடாத மாற்றத்தில், மூன்றாம் இலக்கத்தையும் அதற்குப் பின் வரும் எண்களையும் நம்ப முடியாது.