‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’: ஒரு விடைபெறல் பாடல் உலகப் புகழ் பெற்ற வரலாறு

அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் குரலில் 1992-ஆம் ஆண்டு வெளியாகி உலகெங்கும் காதல் பாடலாக அறியப்பட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’, உண்மையில் தொழில்முறைப் பிரிவையொட்டி எழுதப்பட்டதாகும். அதனை இயற்றியவர் ‘கன்ட்ரி’ இசைப் பாடகி டாலி பார்ட்டன்.

தோற்றம்

பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் பாடிவந்த பார்ட்டன், தனித்து இயங்க முடிவு செய்தபோது, அவருக்கு நன்றி கூறி விடைபெறும் வகையில் 1973-இல் இப்பாடலை எழுதினார். 1974-இல் வெளியான பாடல், அமெரிக்கக் கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. திரைப்படம் ஒன்றுக்காக அவரே மீண்டும் பாடிய பதிவும் 1982-இல் முதலிடத்தை எட்டியது.

மறுக்கப்பட்ட வாய்ப்பு

முதல் வெற்றிக்குப் பின்னர், புகழின் உச்சியிலிருந்த எல்விஸ் பிரெஸ்லி இப்பாடலைப் பாட விரும்பினார். ஆனால், பாடலின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று அவரது மேலாளர் டாம் பார்க்கர் நிபந்தனை விதித்தார். பார்ட்டன் அதனை ஏற்கவில்லை. அன்றிரவு முழுவதும் அழுததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். ஒரு பாடலை யார் பாடினாலும், வெளியீட்டு உரிமையை வைத்திருப்பவருக்கு ‘ராயல்டி’ எனப்படும் உரிமத்தொகை சேரும் என்பதே அம்மறுப்பின் முக்கியத்துவம்.

திரைப்படத்தில் புதிய வடிவம்

‘தி பாடிகார்ட்’ திரைப்படத்துக்கு முதலில் வேறொரு பாடல் தேர்வு செய்யப்பட்டிருந்தது. அது மற்றொரு படத்தில் இடம்பெற்றதால், படத்தின் நாயகனும் தயாரிப்பாளர்களில் ஒருவருமான கெவின் காஸ்ட்னர் இப்பாடலைப் பரிந்துரைத்தார். தொடக்கப் பகுதி இசைக்கருவிகளின்றி ஒலிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. டேவிட் ஃபாஸ்டர் இசைத் தயாரிப்பை மேற்கொள்ள, கிர்க் வேலம் சாக்சபோன் வாசித்தார்.

வரவேற்பு

1992 நவம்பரில் வெளியான இப்பாடல், பில்போர்டு ‘ஹாட் 100’ பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நீடித்து அன்றைய சாதனையை முறியடித்தது. பிரிட்டனில் 10 வாரங்கள் முதலிடம் வகித்தது. 1994-இல் ஆண்டின் சிறந்த இசைப்பதிவு, சிறந்த பாப் பாடகி ஆகிய கிராமி விருதுகளை ஹூஸ்டனுக்குப் பெற்றுத் தந்தது. 2012 பிப்ரவரி 11-ஆம் தேதி அவர் மறைந்ததைத் தொடர்ந்து, இப்பாடல் மீண்டும் ‘ஹாட் 100’ பட்டியலின் முதல் 10 இடங்களுக்குள் நுழைந்தது. 2020-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் ஹூஸ்டனின் பதிவு சேர்க்கப்பட்டது.

ஹூஸ்டன் பதிவின் வெற்றியால் பார்ட்டனுக்குப் பெரும் உரிமத்தொகை கிடைத்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு நாஷ்வில் நகரில் அலுவலக வளாகம் ஒன்றை வாங்கியதாக 2021-இல் அவர் தெரிவித்தார். எல்விஸுக்காக உரிமையில் பாதியை அன்று விட்டுக்கொடுத்திருந்தால், அவ்வருவாயில் பாதி வேறொருவருக்குச் சென்றிருக்கும்.