வெளிச்சம் போட்டுக் காட்டிய கட்டடம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்றொரு நகரம். அங்கே ஈரி கால்வாயைத் தூர்த்துப் போட்ட சாலையின் ஓரத்தில், 1932-ல் நயாகரா ஹட்சன் மின்சாரக் கம்பெனி தன் அலுவலகத்தைக் கட்டி முடித்தது. செங்கல், கல், கறுப்புக் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு. முகப்பின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் 28 அடி எஃகுச் சிலை. அதற்கு ‘ஒளியின் ஆன்மா’ என்று பெயர். இருட்டினால் முகப்பு முழுவதும் விளக்கு. ஆர்ட் டெகோ பாணிக்கு அருமையான சான்று என்பார்கள். உண்மைதான். ஆனால், குற்றம் சாட்டப்பட்ட கம்பெனி மக்கள் மன்றத்தில் தாக்கல் செய்த பதில் மனுவாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வழக்கு என்ன? 1929-ல் மார்கன் வங்கியின் ஆதரவோடு பல மின் கம்பெனிகளை இணைத்து உருவானது நயாகரா ஹட்சன். ஆற்று நீரின் விசை பொதுச்சொத்து என்று வாதாடியவர் அப்போதைய மாநில ஆளுநர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1931-ல் மாநில அரசின் மின் ஆணையமே அமைந்துவிட்டது. மறு ஆண்டு சிகாகோவின் சாமுவேல் இன்சலின் மின்சார சாம்ராஜ்யம் சரிந்து, முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள். தனியார் மின் கம்பெனி என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த நேரத்தில்தான் இந்தச் சிலை சிறகை விரித்தது.

அன்றைய நாகரிகமே அதுதானே, 1930-ல் கிரைஸ்லர் கட்டடமும் எஃகு முடி சூடியதே என்று கேட்கலாம். சூடியது, ஆனால் கார் கம்பெனியின் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டடத்துக்குத் தன் தொழிலின் உரிமையைக் காப்பாற்றும் கவலை இருக்கவில்லை. மின்சாரம் விற்பவன் விளக்குப் போடாமல் வேறு யார் போடுவார் என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. கட்டடக் கலைஞர் மெல்வின் கிங் அரசியலை மனத்தில் வைத்து வரைந்தார் என்றும் நான் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பாருங்கள்: முன்கூடத்துச் சித்திரங்களின் பொருள் எரிவாயு, வெளிச்சம், மின் உற்பத்தி, மின் கடத்தல். ஊரார் கேட்டுக்கொண்டிருந்ததோ கட்டணத்தையும் உடைமையையும் பற்றி. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு உபகாரத்தை மட்டும் பேசுவது கெட்டிக்கார வக்கீலின் வழக்கம்.

வாதம் எடுபட்டதா? பாதி எடுபட்டது. 1935-ல் மத்திய அரசு பல மின் கம்பெனிகளைத் தன் கைக்குள் வைத்திருந்த ஹோல்டிங் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டது. சிரக்யூஸ் கம்பெனியோ 1950-ல் நயாகரா மொஹாக் என்று பெயர் மாறி நீடித்தது. 1956-ல் நயாகராப் பள்ளத்தாக்கில் இருந்த அதன் ஷோல்காப் மின்நிலையம் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. அடுத்த ஆண்டு, நயாகரா அருவியின் மின்சக்தியை மேம்படுத்தும் உரிமையை நாடாளுமன்றம் மாநில அரசின் மின் ஆணையத்துக்கே கொடுத்தது. 1961-ல் ஆணையத்தின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.