சாக்சபோனில் கேள்வி ஞானம்

சாக்சபோனில் கேள்வி ஞானம் என்பது, இசைக்குறிப்புத் தாளைப் பாராமல், ஒரு கலைஞரின் வாசிப்பைச் செவியால் கேட்டே அதனைச் சாக்சபோனில் பயிலும் முறையாகும். ஜாஸ் இசையின் தனி வாசிப்புகள் பெரிதும் இவ்வாறே கற்கப்படுகின்றன. இதனைக் கருநாடக இசையின் தனி ஆவர்த்தனத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது தாளக் கருவிகளுக்கு உரியது. ஜாஸ் தனி வாசிப்புக்கு நெருங்கியது கற்பனை சுரமே.

பயிலும் முறை

சுரத்தையும் அதன் கால அளவையும் தாளில் எழுதிவிடலாம். மூச்சு தளரும் இடமும், சுரம் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விழும் அளவும் எழுத்தில் அடங்குவதில்லை. ஆகவே பகுதியை முதலில் வாயால் பாடிப் பழகிய பின்னரே கருவியை எடுப்பர். சார்லி பார்க்கர் 1937 கோடையில், தமது 16ஆம் வயதில், லெஸ்டர் யங்கின் தனி வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்தே கற்றார். யங் வாசித்தது டெனர் சாக்சபோன். பார்க்கரிடம் இருந்ததோ ஆல்ட்டோ.

விரைவான பகுதிகளுக்கு ஒலிப்பதிவை மெதுவாக ஓடவிடுவர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டை 16⅔ சுற்றில் ஓட்டினால், வேகம் பாதியாகும். சுருதியும் சரியாக ஒரு தாயி கீழிறங்கும். இன்றைய மென்பொருள்கள் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கின்றன. எனினும் தாள நடையை மூல வேகத்தில் கேட்டே சரிபார்க்க வேண்டும்.

கத்ரி கோபால்நாத்

கருநாடக இசையைச் சாக்சபோனில் வாசிப்பது இதனினும் கடினம். நாதசுவரத்தில் விரல் துளையின் மீதே படிவதால், அதனைச் சிறிது சிறிதாகத் திறந்து கமகம் எழுப்பலாம். சாக்சபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவிகளே துளைகளை மூடித் திறக்கின்றன. சுரங்களுக்கு இடையிலான அசைவை உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் உண்டாக்க வேண்டும்.

தென் கன்னட மாவட்டத்தில் 1949இல் பிறந்த கத்ரி கோபால்நாத், நாதசுவரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். பின்னவர் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் வல்லவர். சாக்சபோன் கலைஞர் அல்லர். பாடிக் காட்டியதைக் கருவியில் கொணர்வதே பாடமாயிற்று எனலாம்.

1980இல் மும்பை ஜாஸ் விழாவில் இவரது வாசிப்பைக் கேட்ட அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, இவருடன் மேடையில் இணைந்து வாசித்தார். 1994இல் வெளியான டூயட் திரைப்படத்தின் சாக்சபோன் இசையால் தமிழகமெங்கும் அறியப்பட்டார். ஜாஸ் ஆல்ட்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் இவர் வாசித்த கின்ஸ்மென் இசைத்தொகுப்பு 2008இல் வெளிவந்தது. ஒரே வகைக் கருவியில் இரு மரபுகள் ஒலிப்பதால், பயில்வோர் ஒப்பிட்டுக் கேட்க இது மிகவும் ஏற்றது. கோபால்நாத் 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார்.