ஓட்டைக் கணக்கு

ஒரு சமயம் டில்லிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் ஓர் அம்மாள் வெள்ளைக் கம்பளி நூலால் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பின்னலில் அங்கங்கே ஓட்டை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நடு நடுவே விட்டுப்போயிருக்கிறதே, அம்மா?" என்றேன்.

அவர் ஒரு விரலை உயர்த்தி என்னை அடக்கிவிட்டு, உதடுகள் அசைய, அந்த வரிசையை முடித்தார். பிறகுதான் பதில் வந்தது.

"விட்டுப்போனது இல்லை, சார். எண்ணி விட்டது."

அந்த 'எண்ணி' என்ற சொல்லின் பாரம், பின்னால் ஷெட்லாந்து தீவுகளின் கதையைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, மரம் அதிகம் வளராத, ஓயாத காற்று வீசும் தீவுகள் அவை. ஆண்கள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் அடுப்பெரிக்கும் கரி மண்ணைக் கூடையில் முதுகில் சுமந்து நடக்கும்போதுகூடக் கை பின்னிக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அங்குள்ள அன்ஸ்ட் என்ற வடகோடித் தீவின் லேஸ் சால்வைகள் பெயர் பெற்றன. ஆட்டின் கழுத்தடி ரோமத்தைக் கையால் பிடுங்கி, தலைமயிர் போல நூற்று, ஆறடிச் சதுரமாகப் பின்னுவார்கள். அந்தச் சால்வையைக் கல்யாண மோதிரத்தின் வழியாக இழுத்துவிடலாம்.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்கிறீர்களா? ஓட்டையில்தான் வருகிறது. நூலை ஊசிமேல் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனால், அந்த இடத்தில் ஓட்டை விழும். ஆனால் ஊசியில் ஒரு கண்ணி கூடிவிடும். அப்படியே விட்டால் துணி முறம் போல விரிந்துகொண்டே போகும். ஆகையால் வேறோர் இடத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். வரவு ஒன்று, செலவு ஒன்று.

ஷெட்லாந்தின் பழைய பின்னல்களில் 'ஓல்டு ஷேல்' என்று ஒன்று. அலை ஓய்ந்த மணல் போல வளைவு வளைவாக இருக்கும். அதற்குப் பதினெட்டுக் கண்ணி ஒரு கட்டு. முதல் ஆறு கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்றாகிவிடும். நடு ஆறில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சுற்று, பன்னிரண்டாகிவிடும். கடைசி ஆறு மறுபடி மூன்று. கூட்டிப் பாருங்கள்: மூன்றும் பன்னிரண்டும் மூன்றும் பதினெட்டு! குறைத்த இடம் தாழ்ந்து, கூட்டிய இடம் மேலெழும்பி, அலை தானே வந்துவிடுகிறது. இதன்மேல் பன்னிரண்டு கண்ணிக் கட்டாக இன்னொரு பின்னலையும் வைக்க ஆசைப்பட்டால், மொத்தக் கண்ணி முப்பத்தாறின் மடங்காக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லி நம்மை அழவைத்தார்களே, அதுதான். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இதை ஏட்டில் பார்த்ததில்லை. தாயின் கையைப் பார்த்துப் படித்தது.

இவ்வளவு எண்ணத் தெரிந்தவர்களுக்கு எண்ணிப் பார்க்கக் காசு கிடைத்ததா? அதுதான் இல்லை. சால்வையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வியாபாரி தேயிலையும் துணியும் கொடுப்பார். விலை அவர் வைத்தது. மாவு வேண்டியவள் அந்தத் தேயிலையை அக்கம்பக்கத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். 1872ல் அரசாங்கம் இதைப் பற்றி விசாரணை நடத்தியது. பின்னல்காரிகள் பலர் வந்து சாட்சி சொன்னார்கள். கூலியைப் பண்டமாகக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் 1831லேயே இருந்தது. வீட்டில் பின்னுகிறவளையும் அதற்குள் கொண்டுவர 1887 ஆயிற்று. சட்டம் வந்த மறுநாளே வழக்கம் போய்விடவும் இல்லை.

பிற்காலத்தில் இந்தக் கணக்குக்கு ஒருவர் பெயரிட்டார். இங்கிலாந்தில் 1910ல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன் என்ற அம்மையார், 1974ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் ஒரு வட்டச் சால்வைக்கு 'பை' என்று பெயர் வைத்தார். வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் அல்லவா? ஆகவே ஒன்பது கண்ணியில் தொடங்கிப் பதினெட்டாக்கு. மூன்று சுற்றுப் பின்னி முப்பத்தாறாக்கு. ஆறு சுற்றுப் பின்னி எழுபத்திரண்டு. பன்னிரண்டு பின்னி நூற்று நாற்பத்து நான்கு. நடுவில் கண்ணியைக் கூட்டவே வேண்டாம். கம்பளி இழுத்த இழுப்புக்கு வந்துவிடும்.

அந்த அம்மையாரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. தம் யுக்திகளைக் 'கண்டுபிடித்தேன்' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எங்கேயோ, எப்போதோ, எவளோ ஒருத்தி இதை முன்பே பின்னியிருப்பாள் என்று நினைத்து, அதற்கென்றே 'அன்வென்ட்' என்று ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டார். தோண்டி எடுத்தேன் என்பது போல.

அந்த எவளோ ஒருத்தி, அன்ஸ்ட் தீவில் தேயிலைப் பொட்டலத்தோடு வீடு திரும்பினவளாகவும் இருக்கலாம். அவள் பின்னலில் இருந்த ஓட்டை அத்தனையும் எண்ணி விட்டது. ஓட்டைக் கணக்கு இருந்தது கடைக்காரரின் நோட்டில்தான்.