நாலு டாலர்

ஜெயில்ல இருக்கறவன் தானே கேஸ் போட்டு வாதாடணும்னா முதல்ல கோர்ட் கட்டணம் கட்டணும். காசு இல்லைன்னா? இதுக்கு அமெரிக்கா சொன்ன பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்குங்க.

ஏழைகள் கட்டணமில்லாமல் வழக்கு போடலாம்னு இங்கிலாந்தில் 1495-லயே, ஏழாம் ஹென்றி காலத்தில், சட்டம் வந்தாச்சு. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களுக்கு அப்படி ஒரு சட்டம் 1892-ல். 'கட்ட வழியில்லை'ன்னு சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

மாநிலங்கள் கதை வேற. அயோவாவில் ஒரு கைதியின் ஆட்கொணர்வு மனுவை 4 டாலர் கட்டாததால் பதிவு செய்யவே இல்லை. காசைக் காட்டி கதவை மூடக்கூடாதுன்னு 1961-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே வருஷம் ஃப்ளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியனுக்கு 5 வருஷம் ஜெயில். ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தில் புகுந்து சில்லறை திருடினார்னு குற்றச்சாட்டு. வக்கீல் கேட்டார், கிடைக்கலை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஏழை என்கிற பிரமாணப் பத்திரம் இல்லைன்னு முதலில் திரும்பி வந்தது. அதையும் சேர்த்து மறுபடி அனுப்பினார். 1963-ல் தீர்ப்பு: பெரிய குற்றவழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தரணும். மறுவிசாரணையில் கிடியன் விடுதலை!

இனிமே எல்லாம் சுபம்னு நினைச்சா, 1996-ல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட சிறை வழக்குச் சட்டம் வந்தது. கைதிகள் வெட்டி கேஸ் போட்டுத் தள்றாங்கன்னு மாநில அரசு வக்கீல்கள் புலம்பியதுதான் காரணம். கேட்ட ரக வேர்க்கடலை வெண்ணெய் வரலைன்னு ஒருத்தன் கேஸ் போட்டான்னு சொல்லிச் சிரிச்சாங்க. ஜான் நியூமன் என்கிற நீதிபதி கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்து உண்மையைச் சொன்னார்: அந்தக் கைதி வேற ரகம் வந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டார், ஆனாலும் அவர் கணக்கில் 2.50 டாலர் பிடிச்சிட்டாங்க. கேஸ் அதுக்குத்தான்.

சிறைக் கொடுமை மாதிரியான சிவில் வழக்குகளுக்கு இந்தச் சட்டப்படி முழு விலக்கு கிடையாது. தவணைதான், நம்ம ஈ.எம்.ஐ. மாதிரி! கணக்கில் 10 டாலருக்கு மேல் இருந்தால், முந்தின மாத வரவில் 20% பிடிப்பாங்க. கேஸ் தோத்தாலும் பாக்கி ஓடும். மூணு கேஸ் 'வெத்து'ன்னு தள்ளுபடி ஆனால், அடுத்த கேஸுக்கு முழுப்பணமும் முன்னாடியே வைக்கணும். உடம்புக்குக் கடும் ஆபத்து உடனடியா இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மூணு தடவை பாஸ்வேர்டு தப்பா போட்டா அக்கவுண்ட் லாக் ஆகுமே, அதே லாஜிக் :-)

2016-ல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: 20% என்பது ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனி. ரெண்டு கேஸ்னா 40%, அஞ்சு கேஸ்னா மொத்தமும் போச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. மாசம் 20 டாலர் வரவு உள்ள கைதி 350 டாலர் கட்டணத்துக்கு மாசம் 4 டாலர் கட்டினால் 88 மாசம், ஏழு வருஷத்துக்கு மேல். 1961-ல் எந்த 4 டாலருக்காக கதவை மூடக்கூடாதுன்னாங்களோ, அதே 4 டாலர்.

கையில் ஒண்ணுமே இல்லாதவன் கேஸ் போடுறதைத் தடுக்கக்கூடாதுன்னும் அதே சட்டம் சொல்லுது, அது நியாயம். ஆனா சோப்புக்கும் போனுக்கும் வெச்சிருக்கற காசை யோசிச்சு எத்தனை பேர் உண்மையான புகாரையே எழுதாம விட்டிருப்பாங்க? வெட்டி கேஸையும் தடுக்கணும், கிடியன் மாதிரி ஆளோட கடுதாசியும் போய்ச் சேரணும். வேற வழி தோணினா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.